நாற்பது குதிரைவலுவில் ஒரு கொடை

மனிதகுலம் துன்பப்படும்போதெல்லாம் அது முதலில் திரும்பிப் பார்க்கும் இடம் கனடாவின் ஸ்காபரோ. மற்ற நாடுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை நான் சும்மா சொல்லவில்லை. மக்கோவன் வீதியில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில், எங்கள் தலைவர் அகஸ்ரினின் வீடு விற்பனை அலுவலகத்தில் மாதம் ஒருமுறை கூடி, ஒரு தட்டு மட்டன் ரோல்ஸை முன்னால் வைத்துக்கொண்டு உலகத்தின் பாரத்தைச் சுமக்கிறவர்களில் ஒருவன் என்ற முறையில் சொல்கிறேன். சில கூட்டங்களில் பாரம் அதிகமாகி இரண்டாவது தட்டும் எடுப்பிக்க வேண்டி வந்திருக்கிறது.

இந்த விடயத்தில் வாய் திறக்க எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு. நானே ஒரு சர்வதேச உதவி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அகதியாக வந்து இறங்கியபோது, இந்த நாடு என்னை நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் தங்கவைத்து, வெண்ணெய் பூசிய சுட்ட பாணும் ஒரு சோடி பனிச்சப்பாத்தும் தந்தது. அன்று அதைச் சாதாரணப் பாண் என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்தில் உட்கார்ந்து பெரிய பெரிய அறிக்கைகளை வாசிக்கும் பழக்கம் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பணக்கார நாடுகளின் விதிப்படி, ஓர் அகதி வந்து சேர்ந்த முதல் வருடத்தில் அவனுக்கு உள்ளூரில் ஆகும் செலவை ‘வெளிநாட்டு உதவி’ என்று கணக்குக் காட்டலாம். வாசித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கடித்த பாண் வெளிநாட்டு உதவி. நான் மிதித்த சப்பாத்து வெளிநாட்டு உதவி. ஒரு சதம்கூட வெளிநாட்டுக்குப் போகவில்லை. வெளிநாடே டிக்கெட் எடுத்து வந்து வாங்கிக்கொண்டது. முத்திரைச் செலவுகூட இல்லை. இதற்கு மேலும் சிக்கனமாக உலகத்தைக் காப்பாற்ற ஒருவராலும் இயலாது.

இந்த மகத்தான முறையை எங்கள் ‘சங்குமுனை மக்கள் நலன்புரிச் சங்கம் – கனடா’வில் அறிமுகப்படுத்தியவன் அடியேன், அபிவிருத்தி ஆலோசகர் நீக்கிலாப்பிள்ளை.

சங்குமுனை எங்கள் ஊர். வரைபடத்தில் ஓர் இலையான் பறந்து வந்து உட்கார்ந்தால் மறைந்துவிடும் அளவிலான தீவு. ஆஸ்பத்திரி அக்கரையில் இருக்கிறது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கொண்டுபோக ஒரு வள்ளம் உண்டு. அந்த வள்ளத்தின் எஞ்சின் தனக்கு மனம் வந்தால் ஓடும். ஊரின் மருத்துவிச்சி செலீன் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: நாற்பது குதிரைவலுவில் ஒரு புது எஞ்சின்.

கோடைகால ஒன்றுகூடலில் அகஸ்ரின் ஒலிவாங்கியைப் பிடித்தார். வீடு விற்கும் மனிதர். எதையும் கூறுகூறாகப் பிரிக்கத் தெரியும்.

“நாப்பது ஹோஸ் பவர் எஞ்சின். எங்களிட்டை நாப்பது குடும்பம். ஆளுக்கொரு குதிரை. ஆர் ஆர் தாறியள்?”

நாற்பது கைகள் உயர்ந்தன. சில கைகளில் கொத்துரொட்டிக் கரண்டி இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில்கூட இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை, நான் அங்கே போனதில்லை என்பது வேறு விடயம். எஞ்சினைக் கையளிக்கும்போது படம் எடுப்பதற்கு வாங்குகிறவர் வேண்டும் அல்லவா? எனவே செலீனையே கனடாவுக்கு அழைப்பித்தோம். டிக்கெட்டுக்கு மூன்று குதிரைகள் போயின. போனால் போகட்டும். படம் இல்லாத உதவியை யார் நம்புவார்கள்?

செலீன் வந்த முதல் இரவு ஸ்ரௌவ்வில்லில், ஸ்டெபனி வீட்டில் விருந்து. ஸ்டெபனி இங்கே வளர்ந்த பிள்ளை, வங்கியில் வேலை. மறுநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், நேற்று அன்ரிக்கு நாங்கதான் டின்னர் குடுத்தம். நண்டு, இறால், ஃபுல் செட். ஸோ, எங்கட குதிரை கிளியர் தானே?”

“அது எஞ்சினுக்கெல்லோ பிள்ளை?”

“அன்ரி எஞ்சினுக்குத்தானே வந்தவ. அவவுக்குக் குடுத்தா எஞ்சினுக்குக் குடுத்த மாதிரி. லைக், சேம் திங்.”

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சர்வதேச விதிகள் இரத்தத்திலேயே ஊறியிருப்பதை அன்று கண்டேன். அவசரமாகக் கூடிய நிர்வாகக் குழுவில், என் முதலாம் வருடத்துப் பாணை ஆதாரமாகக் காட்டி நான் தீர்ப்பு வழங்கினேன்: நண்டு செல்லும். ஊரின் பிரதிநிதிக்கு ஊட்டியது ஊருக்கு ஊட்டியதே. ஸ்டெபனி குடும்பத்தின் குதிரை ‘வழங்கப்பட்டதாக’ அறிவிக்கப்பட்டது.

செய்தி வட்ஸ்அப்பில் பரவியது. அதன் பிறகு ரொறன்ரோ பெரும்பாகத்தில் நடந்ததைக் கருணை வெள்ளம் என்றுதான் சொல்லவேண்டும். அஜாக்ஸில் இடியப்பமும் சொதியும். பிக்கறிங்கில் ஒடியற்கூழ். றிச்மண்ட் ஹில்லில் காலைச் சாப்பாட்டை முடித்து வாய் துடைக்கு முன்னரே வாசலில் அடுத்த குடும்பத்தின் வாகனம் நிற்கும். ஒரு மனுசிக்காக இரண்டு குடும்பங்கள் சண்டை பிடித்து, கடைசியில் மத்தியானச் சோறு ஒருவருக்கும் பின்நேரப் பலகாரம் மற்றவருக்குமாகப் பிரித்துக்கொடுத்து நான் சமாதானம் செய்துவைத்தேன். செலீன் மரியாதைக்காரி. போட்டதை எல்லாம் சாப்பிட்டார். “இவ்வளவு அன்பான சனத்தை நான் கண்டதில்லை அண்ணை” என்று என்னிடம் கண்கலங்கினார். அது மிளகாய்த்தூளாலும் இருக்கலாம்.

ஓய்வு பெற்றவன், சொந்த வாகனம் உள்ளவன் என்பதால் போக்குவரத்தும் என் பொறுப்பு. ஒருநாள் ஒஷாவாவில் விருந்து முடிந்து நானூற்றொன்று நெடுஞ்சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

“அண்ணை, எஞ்சின் எப்ப எடுக்கப் போறியள்? கடல் பெருக்க முதல் கொண்டுபோய்ப் பூட்ட வேணும்.”

“எடுத்துக்கொண்டுதானே இருக்கிறம் தங்கச்சி. இண்டைக்கு மத்தியானத்தோட பதினாலு குதிரை குடுத்தாச்சு.”

“ஆரிட்டைக் குடுத்தியள்?”

“உங்களிட்டைத்தான்.”

“என்னட்டையோ? எங்கை கிடக்கு?”

நான் அவரின் வயிற்றைப் பார்த்தேன். மரியாதை கருதி உடனே வீதியைப் பார்த்தேன். பிறகு முறையை ஆதியோடந்தமாக விளக்கினேன். பாண், சப்பாத்து, நண்டு. விற்பி நகரைத் தாண்டும்போது அவர் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

“அப்ப அந்த நண்டு?”

“ஒரு குதிரை.”

“இப்ப ஒஷாவாவில தேத்தண்ணியும் விசுக்கோத்தும் தந்திச்சினம்.”

“அது அவையின்ர சோத்துக்குள்ளையே அடங்கும். தனியக் கழிக்கேல்லை. நாங்கள் அநியாயம் செய்யமாட்டம்.”

“அண்ணை,” என்றார் செலீன், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. “போன மார்கழி நடுக்கடலில எஞ்சின் நிண்டிட்டுது. வள்ளத்துக்குள்ளையே பிள்ளை பிறந்தது. என்ர சீலைத் தலைப்பைக் கிழிச்சுத்தான் சுத்தினனான்.”

“பிள்ளை சுகமோ?”

“பிள்ளை சுகம்.”

தாயைப் பற்றி நான் கேட்கவில்லை. கொடை நாடுகள் அறிக்கையில் நல்ல செய்திகளை மட்டும் சேர்ப்பதுதான் வழக்கம்.

“தையில இன்னும் ரெண்டு பிள்ளைத்தாய்ச்சியளுக்கு நாள் இருக்கு,” என்றார். “ஒண்டுக்கு இரட்டை. பதினாலு போனால் மிச்சம் இருபத்தாறு எல்லோ? இருபத்தாறு குதிரையிலயும் வள்ளம் ஓடும், மெல்லமா எண்டாலும். அதை நான் தொடமாட்டன். இனி ஒரு வீட்டிலயும் எனக்கு ஒண்டும் வேண்டாம்.”

அன்றிலிருந்து சங்குமுனையின் உண்ணாநோன்பு ஆரம்பமாயிற்று.

அடுத்து நாங்கள் போன வீட்டில், முதல்நாளே உழுந்து ஊறப்போட்டுக் காத்திருந்த வீட்டுக்காரி வடைத் தட்டோடு வந்தார்.

“வேண்டாம் அன்ரி.”

“ஏன், நாங்கள் என்ன பகையோ? ஸ்ரௌவ்வில்லில நண்டு இறங்கினதாம், எங்கட வடை இறங்காதோ?”

“கோவிக்காதேங்கோ. அது குதிரை.”

“குதிரை இல்லைப் பிள்ளை, உழுந்து.”

செலீன் கையெடுத்துக் கும்பிட்டார். தண்ணீர் மட்டும் கேட்டார். அதையும் குடிக்குமுன் என்னைப் பார்த்தார். குழாய்த் தண்ணீர் கழிக்கப்படமாட்டாது என்று நான் தலையசைத்த பிறகே வாயில் வைத்தார். வீட்டுக்காரி அழத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு வந்த ஆள் கை நனைக்காமல் போனால் நாளைக்கு நாலு பேரின் முகத்தில் எப்படி விழிப்பது? தவிர, கொடுக்காத குதிரை அப்படியே தலையில் நிற்கிறதே.

பிறகு நான் கண்ட காட்சி இன்னும் பயங்கரமானது. செலீன் தன் சொந்தக் காசில் ஒரு இறாத்தல் பாண் வாங்கி, என் காரின் பின்சீட்டில் இருந்து வெறுமனே கடித்துக்கொண்டிருந்தார். உதவி பெறும் நாடு ஒன்று இப்படித் தன்னிறைவு அடைவதைப் பார்த்தால் எந்தக் கொடை நாடும் பதறத்தான் செய்யும்.

நிர்வாகக் குழு கூடியது. அகஸ்ரின் கவலையோடு ரோல் ஒன்றைக் கடித்தார்.

“குடுக்கிறம், வாங்கேல்லை. என்ன செய்யிறது ஆலோசகர்?”

“இது எல்லா இடத்திலையும் உள்ள வருத்தம்தான்,” என்றேன். “அறிக்கையளில இதுக்கு ‘உள்வாங்கும் திறன் குறைவு’ எண்டு பேர்.”

கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர் கையை உயர்த்தி, “உந்த எஞ்சினையே வாங்கிக் குடுத்தா என்ன?” என்று கேட்டார்.

அகஸ்ரின் மிகுந்த பொறுமையோடு விளக்கினார். ஏற்கனவே கொடுத்த பதினான்கு குடும்பங்களை மறுபடியும் கொடுக்கச் சொல்வது அவர்களின் தியாகத்தை அவமதிப்பதாகும். கொடுக்காத இருபத்தாறு குடும்பங்களை மட்டும் காசாகக் கொடுக்கச் சொல்வது பாரபட்சம். புதியவர் மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் தேநீர் வழங்கப்பட்டது.

முடிவாக, வாயால் மறுக்க இயலாத திட்டங்களைச் செயற்படுத்துவது என்று தீர்மானித்தோம். முதலாவது, குளிர் அங்கி. செலீன் அசந்திருந்த நேரம் பின்னால் நின்று போட்டுவிட்டோம். ஒரு குதிரை. இரண்டாவது, நயாகரா. ‘ஆற்றல் மேம்பாட்டுப் பயணம்’ என்ற தலைப்பில் ஒன்பது குடும்பங்கள் இரண்டு வான்களில் ஏறின; நடுவில் செலீன். ஒன்பது குதிரைகள் ஒரே நாளில். எல்லோரும் சிவப்பு மழையுறையைப் போர்த்திக்கொண்டு படகில் நின்று நீர்வீழ்ச்சியைப் பார்த்து வாய்பிளந்தபோது, செலீன் மட்டும் மறுபக்கம் திரும்பிப் படகின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, அங்காலை பாருங்கோ, எவ்வளவு வடிவு.”

“இது எத்தனை ஹோஸ் பவர் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ அண்ணை.”

ஆற்றல் மேம்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உதவியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டுப் பாதுகாப்பைச் சொல்லாமல் விட்டால் பஸ்ரியன் என்னைச் சும்மா விடமாட்டார். பஸ்ரியன் எங்கள் பாதுகாப்புத் துறைப் பொறுப்பாளர். கால் நூற்றாண்டு காலம் ஒரு கொண்டோ அடுக்குமாடியின் முன்கூடத்தில் காவலுக்கு இருந்து, வந்தவர் போனவர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. மருமகன் வந்தாலும் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இன்று உலகம் இருக்கிற நிலையில், அபிவிருத்தியைச் சற்றுக் குறைத்தேனும் பாதுகாப்பைக் கூட்டவேண்டும் என்பது அவரின் நிலைப்பாடு. பெரிய பெரிய நாடுகளே அப்படித்தான் நினைக்கின்றன என்பதால் நாங்கள் மறுக்கவில்லை.

அச்சுறுத்தல் மெய்யானது. அதன் பெயர் யூட்சன். முன்னாள் தலைவர். ஒரு குழுப் படத்தில் முன்வரிசையில் யார் இருப்பது என்ற கொள்கைப் பிரச்சினையில் பிரிந்துபோய், போட்டிச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தவர். செலீன் தப்பித்தவறி யூட்சனின் மேசையில் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டால் கொடை நாடு அவர்களாகிவிடும். ஆகவே செலீன் போகுமிடமெல்லாம் பஸ்ரியனும் போனார்.

அவர் பயந்தது நடந்தேவிட்டது. மாக்கம் வீதியில் ஒரு பலசரக்குக் கடையின் வாகனத் தரிப்பிடம். செலீன் தன் பாணை வாங்க உள்ளே போயிருந்தார். கையில் துணியால் சுற்றிய பொதியோடு யூட்சன் எங்கள் வாகனத்தை நோக்கி வந்தார்.

பஸ்ரியன் குறுக்கே நின்றார். “யூட்சன், பார்சலைக் கீழ வையும்.”

“இது பிட்டு.”

“எந்தச் சங்கத்துப் பிட்டு?”

“சும்மா பிட்டு. அந்தப் பிள்ளை பட்டினியாத் திரியுதாம் எண்டு கேள்விப்பட்டன். மனுசி அவிச்சுத் தந்துவிட்டவ.”

“சும்மா பிட்டு எண்டு உலகத்தில ஒண்டும் இல்லை. வையும் கீழ.”

யூட்சன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பொதியை வாகனத்தின் மூடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பகைவன் பின்வாங்கிய பிறகு, கைப்பற்றிய பொருளைக் கவனயீனமாக விட்டுவைக்கக் கூடாது என்பது பாதுகாப்பின் முதல் விதி. நானும் பஸ்ரியனும் அதை அங்கேயே செயலிழக்கச் செய்தோம். உள்ளே கத்தரிக்காய்க் குழம்பும் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. ‘அமைதிகாப்பு நடவடிக்கை’ என்ற வகையில் பஸ்ரியனின் குதிரையும் என் குதிரையும் அத்துடன் வழங்கப்பட்டுவிட்டன.

கடைசியில் ஆண்டுவிழா வந்தது. முந்நூறு பேர் கொள்ளும் விருந்து மண்டபம். யூட்சனின் சங்கத்தவர் உள்ளே வராதபடி வாசலில் சீருடைக் காவலர்கள். மேடையில் துணியில் வரைந்த பெரிய எஞ்சின். ஓவியர் அதன் பக்கத்தில் அகஸ்ரினையும் வரைந்திருந்தார், சற்றுப் பெரிதாக. மண்டபத்தை நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால் பேச்சும் சாப்பாடும் ஒன்றாகவே நடந்தன.

நான் அறிக்கையை வாசித்தேன். “நாற்பது குதிரைகள் வாக்களிக்கப்பட்டன. நாற்பதும் வழங்கப்பட்டுவிட்டன. உலகத்தில் எந்தக் கொடை நாடும் தன் வாக்கை இவ்வளவு கச்சிதமாக நிறைவேற்றியதாக நான் வாசித்ததில்லை.” கைதட்டல் விழுந்தது, கையில் தட்டு இல்லாதவர்களிடமிருந்து.

அகஸ்ரின் செலீனுக்கு எஞ்சின் படம் பொறித்த ஒரு கேடயத்தைக் கையளித்தார். படம் எடுத்தார்கள். ஒருவர் கண்ணை மூடிவிட்டதால் மறுபடியும் கையளித்தார்.

“தங்கச்சி, ரெண்டு வார்த்தை கதையுங்கோ. சுருக்கமா.”

செலீன் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். அங்கி தோளில் தொங்கியது.

“எல்லாருக்கும் நன்றி. எனக்கு ஒரேயொரு சந்தேகம். அறிக்கை வாசிச்ச அண்ணையிட்டைக் கேக்கலாமோ?”

நான் என் தட்டுக்குத் திரும்பியிருந்தேன். வாய் நிறைந்திருந்ததால் கையைக் காட்டினேன்.

“நான் கணக்குப் பாத்தன். கடைசியாப் பதினாலு குதிரை மிஞ்சியிருக்க வேணும். நான் பிறகு ஒரு இடத்திலையும் சாப்பிடேல்லை. அந்தப் பதினாலும் எங்கை அண்ணை?”

அவசரமாகப் பாதியை விழுங்கினேன். “வாசல் காவலுக்குக் கொஞ்சம். மிச்சம் இந்த மண்டபமும் விருந்தும்.”

“விருந்தை நான் சாப்பிடேல்லையே. நான் இண்டைக்கும் பாண்தான்.”

“நீங்கள் சாப்பிடாட்டிலும், இது உங்களைக் கௌரவிக்க வைச்ச விருந்து. அதாலை இது சங்குமுனைக்குக் குடுத்ததுதான்.” மிகச் சரியான விளக்கம். நான் இருந்த இடத்திலிருந்தே ரோல் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

செலீன் மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார்.

“அப்ப நான் தனியச் சாப்பிடேல்லை,” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆறுதல் மாதிரித்தான் இருந்தது. “எனக்கு அதுதான் பெரிய யோசினையாக் கிடந்தது. நான் இறங்கேக்கை கரையில சனம் நிக்கும், எஞ்சின் எங்கை எண்டு கேக்கும். நானே திண்டு முடிச்சிட்டன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது? இப்ப சொல்லலாம். எஞ்சின் வந்தது. முந்நூறு பேராச் சேர்ந்து சாப்பிட்டினம். ருசி எண்டு சொன்னவை.”

ஒலிவாங்கியை அகஸ்ரினிடம் நீட்டப் போனவர், மறுபடியும் தன் பக்கம் எடுத்தார்.

“தையில அந்தப் பிள்ளைத்தாய்ச்சியளுக்கு நோ வரேக்கை நான் துடுப்புப் பிடிப்பன். முந்தியும் பிடிச்சனான்தான். நீங்கள் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது.”

முந்நூறு வாய்கள் ஒரே நேரத்தில் மெல்வதை நிறுத்தினால் எப்படியொரு அமைதி உண்டாகும் என்று எந்த அறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. விழுங்க ஒருவருக்கும் துணிவில்லை. துப்புவதற்கும் கௌரவமான இடமில்லை. நான் பல்லை அசைக்காமல் இருந்தேன். என் வாய்க்குள் இருப்பது மட்டன் ரோல் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.